ஆள் வந்தால் எரியும் லைட்

ஒருவரிடம் பேசாமல் தப்பிக்கலாம் என்றால் எந்தக் கஷ்டமான வேலையையும் நான் செய்துவிடுவேன். ஒருமுறை சலூன்காரர் தானாகவே என் மீசையை எடுக்க ஆரம்பித்துவிட்டார். பாதியிலேயே கண்ணாடியில் பார்த்துவிட்டேன். நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு மீதியையும் எடுக்க விட்டேன். (வீட்டில் கேட்டதற்கு வெயில் காலம் என்று சொல்லிவைத்தேன்.)

எங்கள் நாமக்கல் பக்கத்தில் இந்த சுபாவம் பெரிய குற்றம். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே "வாங்க" என்று சொல்லிக் கூப்பிட வேண்டும். பொதுவாக ஒருமுறை சொன்னால் செல்லாது. பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர் முகத்தையும் பார்த்துப் பத்து "வாங்க". சோற்றில் உப்பில்லாமல் போனால்கூட மன்னிப்பார்கள். இதை மன்னிக்க மாட்டார்கள்.

இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த அன்று, என் மனைவி சாந்தாமணியின் ஒரே அண்ணன் துரைசாமி மச்சான் நாமகிரிப்பேட்டையிலிருந்து சீர்த்தட்டோடு வந்தார். மஞ்சள் மண்டியில் ஏலம் விட்டு விட்டுப் பழகிய குரல் அவருக்கு. கேட்டருகில் நின்றிருந்த எனக்கு அவரைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்வதற்குப் பதிலாகச் சிரித்தேன். அதையும் அவரைப் பார்த்துச் சிரிக்காமல் பந்தல் கயிற்றைப் பார்த்துச் சிரித்ததாகப் பின்னால் சொன்னார்கள். மச்சான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு, வந்த காரிலேயே திரும்பிப் போய்விட்டார். அப்புறம் பதினோரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

போன வருஷம் எங்கள் மகள் சௌமியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணத்தைக் கல்யாணம் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். சாந்தாமணி போனில் அழுது தீர்த்ததில், வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று மச்சான் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, உங்ககிட்ட நான் வேற ஒண்ணும் கேக்கலீங்க," என்றாள் சாந்தாமணி. "எங்கண்ணன் ஊட்டுக்குள்ள வாரப்ப வாங்கன்னு ஒரு வார்த்தை. அது போதும்."

"சொல்லிடறேன்."

"இதைத்தான் அன்னைக்கும் சொன்னீங்க."

நான் நன்றாக யோசித்தேன். என் சிக்கல் என்னவென்றால், மனிதர்கள் திடீரென்று வந்துவிடுகிறார்கள். அரை நிமிஷம் முன்கூட்டித் தெரிந்தால் எச்சிலை விழுங்கித் தயாராகிவிடலாம். எலக்ட்ரிக்கல் கடையில், ஆள் வந்தால் விளக்கைத் தானாக எரிய வைக்கும் சென்சார் ஒன்றைப் பார்த்திருந்தேன். மச்சான் கேட்டுக்குள் கால் வைத்ததும் வாசல் பல்பு எரியும். நான் எழுந்து போய் நிற்பேன். சொல்லிவிடுவேன். (சாயங்காலம் முழுக்கக் கேட்டிலேயே போய் நின்றிருக்கலாம் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.)

எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டுமென்றால் போனில் பேச வேண்டும். அதனால் நானே மாட்டுவதென்று முடிவு செய்தேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷமாகப் பெயின்டர் நான். பக்கத்திலேயே லாரிக்கு ஒயரிங் நடக்கும். லாரியில் ஒரு விளக்குக்கு ஒரு ஒயர்தான். திரும்பிப் போக வேண்டிய கரண்ட் இரும்பு பாடி வழியாகவே போய்விடும். எந்த லைட் எரியவில்லையோ அந்த ஒயரைப் பிடித்தால் வேலை முடிந்தது. வீடு என்பது சக்கரம் இல்லாத லாரி என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் ஹாலில் உள்ள ட்யூப் லைட்டுக்கும் வாசல் பல்புக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளும் புறமும் வெளிச்சமாகிவிடும். ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர் வாசல்படிக்கு மேலே ஒரு பெட்டிக்குள் போய், அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உள்ளே ட்யூப் லைட்டுக்கு, ஒன்று வெளியே பல்புக்கு. இது எனக்கு இப்போது தெரியும். அன்று காலை, மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தவன், கைக்கு முதலில் வந்த ஒயரை வெட்டி நடுவில் சென்சாரைக் கோத்தேன். அது பிரிவதற்கு முந்தைய ஒயர்.

சென்சாரில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்றில் சூரியனும் நிலாவும் போட்டிருந்தது. சூரியனுக்குத் திருப்பி, பகலிலேயே சோதித்தேன். வாசலில் நடந்தேன், பல்பு எரிந்தது. மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மூன்று முறை போய் வந்தேன். மூன்று முறையும் எரிந்தது. (கூடவே உள்ளே ட்யூப் லைட்டும் எரிந்திருக்கும். பட்டப்பகலில் அதை யார் பார்த்தார்கள்.) பிறகு, இருட்டினால் மட்டும் எரியட்டும் என்று நிலாவுக்குத் திருப்பிவிட்டேன். எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு இன்னொரு திருகு. பத்து நிமிஷம் வரை வைக்கலாம். சிக்கனக்காரனாகிய நான் அரை நிமிஷத்தில் நிறுத்தினேன். யாரும் அணைத்துவிடாதபடி ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினேன். ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் லேசாக இருட்டத் தொடங்கியபோது ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வாசல் பல்பு எரிந்தது. (கூடவே தலைக்கு மேல் ட்யூப் லைட்டும் எரிந்ததை அந்தப் பதற்றத்தில் நான் கவனிக்கவில்லை.) திட்டப்படி எழுந்தேன், எச்சில் விழுங்கினேன், கைகளைக் கூப்பினேன், தரையைப் பார்த்தபடியே வெளியே போய், என் வாழ்க்கையில் அதுவரை சொல்லாத சத்தத்தில் "வாங்க" என்றேன்.

நிமிர்ந்தால், எதிரே தெருவில் திரிகிற செவலை நாய். அது வாலை ஆட்டியது. அதற்குப் பின்னால் கேட்டில் கை வைத்தபடி துரைசாமி மச்சான்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அது செலவாகிவிட்டது. நான் சிரித்தேன். நாயைப் பார்த்து.

"வாங்கண்ணா, உள்ள வாங்கண்ணா," என்று சாந்தாமணி ஓடி வந்தாள்.

"வாரேன் சாமி. உங்கூட்டுல நாய்க்கு நல்ல மரியாதை," என்றார் தங்கையிடம்.

உள்ளே வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். சௌமியா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "பாருங்க மாப்ள, நான் பழசைக் கிளற வரலை. ஆனா ஒண்ணு..." என்று தொடங்கினார். ஹால் இருண்டது.

"கரண்டு போயிருச்சா?"

"இல்லீங்கண்ணா, ஃபேன் சுத்துதுங்க."

"அப்ப லைட்ட ஆரு அமத்துனது?"

ஸ்விட்ச் என் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. லைட் தானாக எரிந்தது. "நான் என்ன சொல்ல வந்தேன்னா," என்றார் மச்சான். அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருட்டு. மூன்றாவது முறை லைட் எரிந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செவலை நாய் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அது படுத்தது. ஹால் இருண்டது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சாந்தா," என்றது இருட்டில் மச்சான் குரல். "நான் வந்தது புடிக்கலீன்னா நேரா சொல்லச் சொல்லு. வெளக்கு வெச்ச நேரத்துல இப்படி அமத்தி அமத்திப் போடோண்டாம்."

நடந்ததை விளக்க எட்டு ஒன்பது வாக்கியமாவது தேவைப்படும். எனக்கு அது ஒரு மாதத்துப் பேச்சு. அதனால் எழுந்து வெளியே போனேன். வாசல் நடுவில் நின்று கையை ஆட்டினேன். உள்ளே லைட் எரிந்தது. நிறுத்தினால் அணைந்துவிடுமோ என்று ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"பாத்தியா? நான் பேசப் பேச எந்திரிச்சுப் போறாரு. அன்னைக்கும் இதேதான்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அண்ணா, உக்காருங்கண்ணா. அவரு சுபாவமே அப்படித்தானுங்க."

"இல்ல சாமி, நான் கெளம்பறேன். கல்யாணத்தை நல்லபடியாப் பண்ணுங்க."

சாந்தாமணி அழுவது கேட்டது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினேன்.

மச்சான் வாசல்படிக்கு வந்தார். அவர் தலைக்கு மேல் இருந்த பல்பு என் கண்ணில் நேராக அடித்தது. முகம் தெரியவில்லை. கறுப்பாக ஓர் உருவம் மட்டும் நின்றது. முகம் தெரியாத மனிதரிடம் எனக்குக் கூச்சம் இல்லை போலிருக்கிறது.

"வாங்க மச்சான்," என்றேன்.

உருவம் அசையவில்லை.

"வாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வாய் வரலீங்க. வாங்க. லைட்டத் தப்பா மாட்டிட்டனுங்க. நான் இங்க ஆட்டுனாத்தான் அங்க எரியும். வாங்க."

கைகள் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

மச்சான் திரும்பி ஹாலைப் பார்த்தார். "நிறுத்துங்க மாப்ள," என்றார். நிறுத்தினேன். எல்லோரும் காத்திருந்தோம். அரை நிமிஷத்தில் உள்ளும் புறமும் இருண்டது. "இப்ப ஆட்டுங்க." ஆட்டினேன், எரிந்தது. மஞ்சளை ஒடித்துப் பார்க்கிறவர் மாதிரி மூன்று முறை சோதித்தார். பிறகு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"பதினோரு வருசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல கூப்புட்டா கை நோவாதுங்களா மாப்ள?"

நாற்காலிகளை வாசலில் போடச் சொன்னார். அங்கேயே இட்லி சாப்பிட்டோம். மண்டிக்காரர் என்பதால் கையை வீசி வீசித்தான் பேசுவார். அவர் பேசிக்கொண்டிருந்தவரை லைட் அணையவே இல்லை. என்னைப் பேசச் சொன்னபோதெல்லாம் அணைந்தது.

மறுநாள் அவரே எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்து அனுப்பினார். பத்து நிமிஷத்தில் அவர் ட்யூப் லைட்டைச் சென்சாரிலிருந்து பிரித்துவிட்டுப் போனார். கல்யாணத்தில் தாய்மாமன் சீர் குறைவில்லாமல் நடந்தது. மண்டப வாசலில் என் பக்கத்திலேயே நின்ற மச்சான், ஒவ்வொருவர் வரும்போதும் என் முழங்கையைத் தட்டி, "லைட்டப் போடுங்க மாப்ள," என்றார். அன்று எத்தனை "வாங்க" சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

சென்சார் இன்னும் வாசலில் இருக்கிறது. செவலை நாயும் கேட்டோரத்திலேயே தங்கிவிட்டது. இப்போதெல்லாம் மச்சான் வந்தால் வாசல் பல்பு எரிந்ததும் அங்கேயே நின்றுவிடுவார். நான் உள்ளேயிருந்து "வாங்க" என்பேன். அவர் நகர மாட்டார்.

"எனக்குத்தானுங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, பின்னால் நாய் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே வருவார்.