நாங்கள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறோம்

பன்மையில் படிக்கும் தகப்பனார்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். நாளைக்கு எங்களுக்கு சோஷியல் டெஸ்ட் என்பார்கள். இங்கிலீஷில் பரவாயில்லை, தெலுங்கில்தான் நாங்கள் கொஞ்சம் வீக் என்பார்கள். அடடா, இந்த வயதில் மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாரே என்று நீங்கள் மரியாதையாக எழுந்திருக்கப் போனால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பத்து வயதுப் பெண் புத்தகப் பையோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

தெலுங்கு ஊரில், ஹப்சிகுடா பேட்டையில் குடியிருந்துகொண்டு கச்சிபௌலிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த வரதராஜன் இந்த இனத்தில் அசல் சரக்கு. மகள் சுபாஸ்ரீ ஐந்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதமே, எந்த வாரம் எந்தப் பாடம், யார் பொறுப்பு என்று எக்ஸெல்லில் கட்டம் போட்டு ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவிட்டார். பொறுப்பு என்ற கட்டங்களில் எல்லாம் அவர் பெயர். மகள் பெயர் ஒரே இடத்தில் இருந்தது: ஆகஸ்ட் பதினைந்து, வெள்ளை ஷூ.

ஆங்கிலத்தில் 'என் தோழி' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். என் தோழி உயரமாக ஊஞ்சல் ஆடுவாள் என்று சுபாஸ்ரீ எழுதியிருந்தாள். வரதராஜன் அதை அடித்துவிட்டு, தோழியின் தலைமைப் பண்பு, நெருக்கடியைச் சமாளிக்கும் திறமை என்று நாலு பத்தி எழுதினார். படித்தவர்கள் அந்தச் சிறுமிக்கு அன்றைக்கே டீம் லீடர் வேலை கொடுத்திருப்பார்கள். தெலுங்குதான் அவருக்குச் சுத்தமாக வராது. மகளுக்கோ தண்ணீர் பட்ட பாடு. அதற்காக விட்டுவிடுவாரா? அவள் பாடத்தைப் படித்து அவருக்கு அர்த்தம் சொல்வாள். அவர் அதையே திருப்பி அவளுக்கு விளக்குவார்.

ஜனவரியில் வந்தது வினை. சமூக அறிவியலுக்கு 'எங்கள் பேட்டை' என்று ஒரு ப்ராஜெக்ட். பிப்ரவரியில் கண்காட்சி. பிள்ளைகளே நின்று விளக்க வேண்டும், பெற்றோர் வெளியே.

இதில் சுபாஸ்ரீக்கு ஓர் ஆசை இருந்தது. தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு தோசை விற்கும் ஆரோக்கியமேரியைப் பற்றிப் பேச வேண்டும். மேரியின் தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த கதையை நாலு சாயங்காலம் வண்டியோரம் நின்று கேட்டு, தெலுங்கில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். வருஷம் முழுவதும் அப்பாவின் பேனா படாமல் அவள் எழுதியது அது ஒன்றுதான்.

"தோசை பண்டிக்கெல்லாம் மார்க் வராதும்மா. நாம கோல்கொண்டா கோட்டை பண்றோம்," என்றார் வரதராஜன்.

"அது நம்ம பேட்டையே இல்லப்பா. வேணாம், நக்கோ."

கோட்டை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, இவர்கள் இந்தக் கோடியில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. குழந்தை இஷ்டப்படி பண்ணட்டுமே என்ற மனைவி கல்பகத்திடம், எங்களுக்கு டெட்லைன் இருக்கிறது, குறுக்கே பேசாதே என்று சொல்லிவிட்டார். அப்புறம் மூன்று வாரம் சாப்பாட்டு மேஜை முழுக்க தர்மாகோல். நிஜக் கோட்டையில் வாசலில் கை தட்டினால் உச்சியில் கேட்குமாமே, அதற்கு நாம் சளைத்தவர்களா? ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டு, கை தட்டினால் உச்சியில் விளக்கு எரிந்து முரசு முழங்கும்படி ஒயரிங் செய்தார். கொடி நடும் வேலையை மட்டும் மகளுக்கு விட்டார். அதையும் பிறகு நிமிர்த்தி வைத்தார்.

கண்காட்சியன்று அவர் வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சமூக அறிவியல் டீச்சர் அனுபமா மேடம் வந்தார். கோல்கொண்டாவைச் சுற்றிப் பார்த்தார். இதுவா உங்கள் பேட்டை என்று தெலுங்கில் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே வரதராஜன் இரண்டு கையாலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுபாஸ்ரீ ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தெலுங்கில் சொன்னாள்: "இது எங்க அப்பாவோட ப்ராஜெக்ட், மேடம். என்னோடது பையில இருக்கு."

வரதராஜன் கம்பிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துப் பார்த்தார். ஒரு தடவைகூடத் திருத்தாத தாள் அல்லவா? அவள் படிக்க ஆரம்பித்தாள். பாதி அவருக்குப் புரியவில்லை. ஆனால் "என்ன அவசரம் அண்ணா, தோசை வஸ்துந்தி, இதோ வருது, கொஞ்சம் நில்லு," என்று மேரியின் குரலிலேயே அவள் சொன்னபோது அறை முழுவதும் சிரித்தது, பக்கத்து மேஜைப் பிள்ளைகள்கூட ஓடி வந்தார்கள். தன் பெண்ணுக்கு இவ்வளவு பேச வரும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பெருமையாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்கமாக இருந்தது.

முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கோல்கொண்டா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. விளக்கெல்லாம் எரிந்து முரசு முழங்க, பிள்ளைகள் குஷியாகி மேலும் தட்ட, அது மேலும் முழங்க, வரதராஜன் உள்ளே பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். மதில் சுவரும் கூடவே வந்தது. நீங்கள் யார் என்று மேடம் கேட்டார்.

"நாங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சுபாஸ்ரீயோட அப்பா."

திரும்பும் வழியில் ஆட்டோவில் அந்த இரண்டு பக்கத்தையும் மகளிடம் கேட்டு வாங்கினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா இல்லை. அதைச் சுபாஸ்ரீ காலையிலேயே எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். உங்கள் பிள்ளை எழுதியதில் எதையாவது கையில் பேனா இல்லாமல் கடைசியாக எப்போது படித்தீர்கள்? அவசரமில்லை, யோசியுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு மட்டும் கேட்காதீர்கள். இத்தனை நாள் எல்லாக் கேள்விக்கும் நீங்கள்தானே பதில் எழுதினீர்கள், இதற்கும் நீங்களே எழுதுங்கள்.