சரஸ்வதி பூசையன்று நான் களவெடுத்த ஃபைல்

என் வாழ்க்கையில் நான் ஒரேயொரு களவுதான் செய்திருக்கிறேன். அதையும் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் செய்தேன். அது களவு என்று எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் என் வீட்டில் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களாவது நம்பிப் பாருங்கள்.

அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. (அறிவு வருவதற்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது.) லண்டன் கிங்ஸ்பரியில் மகன் குகன், மருமகள் வாசுகி, நான் என்று மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். இப்போதும் அப்படித்தான் இருக்கிறோம். வாசுகி பதினேழு வருடம் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள். கழுத்தில் அட்டை தொங்க, குதி உயர்ந்த சப்பாத்தோடு அவள் காலையில் ரெயிலுக்குப் போகிற சத்தத்தைக் கேட்டால், எனக்கே உத்தியோகம் கிடைத்த மாதிரி ஒரு மிதப்பு வரும். அப்படிப்பட்டவள் ஒருநாள் புட்டைப் பிசைந்துகொண்டே, "மாமி, நான் வேலையை விடப்போறன். கணக்கு ரீச்சரா வரப்போறன்" என்றாள்.

"நாப்பத்திமூண்டு வயசிலயோ?"

"ஓம் மாமி."

"மெத்தைக் கதிரையில இருக்கிறதை விட்டிட்டு ஆரோ பெத்த பிள்ளையளோட தொண்டை கிழியக் கத்தப் போறியோ?"

அவள் சம்பல் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். எங்கள் வீட்டில் அதற்கு, கதை முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் முதலில் பயிற்சிக் கல்லூரிக்குப் போவார்கள், பிறகுதான் வகுப்புக்குள் போவார்கள் என்பது நான் அறிந்த ஒழுங்கு. லண்டனில் வேறு வழிகளும் இருக்கின்றனவாம். பட்டம் படித்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் சான்றிதழ்ப் பத்திரம் இல்லாத ரீச்சராகச் சேர்ந்து படிப்பிக்கலாம். இன்னொரு பள்ளிக்கூடத்திலும் கொஞ்சக் காலம் படிப்பித்துக் காட்ட வேண்டும். படிப்பித்ததற்கெல்லாம் சாட்சி சேர்த்து ஒரு ஃபைலில் கோத்து வைக்க வேண்டும். கடைசியில் வெளியில் இருந்து ஒருவர் வந்து, வகுப்பில் இருந்து பார்த்து, அந்த ஃபைலைப் புரட்டி, நீ ரீச்சர்தான் என்றோ இல்லை என்றோ சொல்லுவார்.

"அப்ப முதல்ல கிணத்துக்குள்ள குதிச்சிட்டு, பிறகு நீந்தத் தெரியுமெண்டு கடுதாசி வாங்கிறதோ?" என்று கேட்டேன்.

"அப்பிடித்தான் மாமி. தாழாமல் இருந்தால் கடுதாசி தருவினம்" என்றாள்.

அவள் தாழவில்லை. ஆனால் முதல் மாதங்களில் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் குந்தி இருந்துவிடுவாள். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். "வங்கியிலயே இருந்திருக்கலாம்" என்று கூடவே ஒரு வசனமும் கொடுப்பேன். (தேத்தண்ணியில் சீனி அளவாகத்தான் இருக்கும்.)

இரண்டு வருடத்தில் அந்தக் கறுப்பு ஃபைல் அரிசித் தகரப் பேணி மாதிரித் தடித்துவிட்டது. கம்பியூட்டரிலும் பாதி இருந்ததாம். ஆனால் அவளுடைய வகுப்பைப் பார்த்த பெரிய ரீச்சர்மார் பேனையால் எழுதி ஒப்பம் வைத்த தாள்கள் அதற்குள் மட்டும்தான். பின்னேரங்களில் அவள் அதற்குள் மஞ்சள், பச்சை, நீலம் என்று துண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பாள். நான் எதிரில் இருந்து கீரை ஆய்வேன். மூன்றாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனபடியால் இவ்வளவு தாளை ஒருத்தி தன் கையால் நிறைத்ததைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வாயால் சொல்லவில்லை. மாமியார் என்று ஒரு பதவி இருக்கிறதல்லவா, அதற்கும் ஒரு மரியாதை வேண்டும்.

கோயிலில் மட்டும் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே, "மருமகள் பிரின்சிப்பல்" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர் வாசுகியைச் சூழ்ந்துகொண்டு தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கேட்டார்கள். அன்றிலிருந்து எந்த முக்கியமான திகதியும் எனக்குச் சொல்வதில்லை என்று மகனும் மருமகளும் தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் சரஸ்வதி பூசையும் அவளுடைய கடைசிச் சோதனையும் ஒரே நாளில் வந்தது எனக்குத் தெரியாமல் போனது.

அன்று விடிய எழும்பினேன். ஐப்பசிப் பனிப்புகார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. தெருவிளக்குகள் தண்ணீருக்குள் எரிவது மாதிரித் தெரிந்தன. வீடு முழுக்க நித்திரை. படிக்குக் கீழே இருந்த அலுமாரிதான் எங்கள் சாமியறை. அதில் வெள்ளைத் துணி விரித்து, என் தேவாரப் புத்தகம், கத்தரிக்கோல், தேங்காய்த் துருவுபலகை, மகனின் குறடு எல்லாம் வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் சரஸ்வதிக்கு முன்னால் ஒரு சாமான் கடை மாதிரி இருந்தது. படிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பினேன். சாப்பாட்டு மேசையில் அந்தக் கறுப்பு ஃபைல்.

இந்த வீட்டில் அதைவிடப் பெரிய கல்வி எது? அம்மாளின் காலடியில் ஒருநாள் இருந்தால் எந்தச் சோதனை என்றைக்கு வந்தாலும் பிள்ளை தாண்டிவிடுவாள். தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தேன். அட்டையின் நாலு மூலைக்கும் சந்தனம், நடுவில் பெரிதாய்க் குங்குமம், உள்ளே ஒரு பக்கத்தில் செவ்வந்திப் பூ. மேலே இன்னொரு வெள்ளைத் துணியால் மூடி, அலுமாரிக் கதவைச் சாத்தினேன். வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் தொடவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. பிறகு பட்டுச்சேலை உடுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் கோயிலுக்குப் போய்விட்டேன். ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

அபிசேகம் பார்த்துத் திரும்பி வந்தபோது குகன் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றான். வீடு, யாரோ தலைகீழாகப் பிடித்துக் குலுக்கின மாதிரிக் கிடந்தது.

"அம்மா, வாசுகியின்ர ஃபைலைக் கண்டனீங்களே?"

"ஓம். சரஸ்வதியின்ர காலடியில இருக்கு."

அவன் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தான். "எடுங்கோ."

"நாளைக்கு விடிய எடுப்பம் தம்பி."

"இண்டைக்குத்தான் அம்மா சோதனை. இன்னும் முக்கால் மணித்தியாலத்தில ஆள் வந்திடும். அந்த ஃபைல் இல்லாட்டி ரெண்டு வருஷமும் போச்சு."

"சோதனை எண்டு எனக்குச் சொன்னனீங்களே?"

"சொல்லியிருந்தால் கோயில் ஸ்பீக்கரில எல்லோ கேட்டிருக்கும்."

நான் ரோசத்தோடு நின்றேன். அப்போதுதான் அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவ அழுதுகொண்டு பள்ளிக்கூடம் போயிட்டா. 'மாமிக்கு நான் ரீச்சராகிறது விருப்பமில்லை எண்டு தெரியும். ஆனா ஒளிச்சு வைப்பா எண்டு நினைக்கேல்லை' எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

இரண்டு வருடமாகத் தேத்தண்ணியோடு கொடுத்த அந்த வசனம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அலுமாரியைத் திறந்தேன். கற்பூரம் காட்டி, "அம்மாளே, நீயே ஒரு ரீச்சர், உனக்கு விளங்கும்" என்று சொல்லி ஃபைலைத் தூக்கினேன். குகன் கையை நீட்டினான்.

"வைச்சவள் நான். நானே குடுக்கிறன்" என்றேன்.

குகன் காரை எடுத்தான். மரங்கள் மஞ்சள் இலையை ஒவ்வொன்றாக, எண்ணிப் போடுகிற மாதிரிப் போட்டுக்கொண்டு நின்றன. மடியில் சந்தன வாசம். இந்த வழி முடியாமலே இருக்கக்கூடாதோ என்று எனக்கு இருந்தது. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோடு. கார் நிற்பாட்ட ஏலாது. "குடுத்திட்டு உடன வாங்கோ. ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று என்னை இறக்கிவிட்டு அவன் இடம் தேடிப் போய்விட்டான்.

உள்ளே வரவேற்பு மேசையில் வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளை ஃபைலுக்குக் கை நீட்டினாள். நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "நோ. வாசுகி ஹான்ட்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடைசியில் என் முகத்தைப் படம் பிடித்து, வெளியாட்களுக்கான ஒரு ஸ்டிக்கரைப் பட்டுச்சேலையில் ஒட்டி, கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். வேறொரு ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றா. வாசுகி கீழே, கம்பியூட்டரில் இருந்ததையாவது பிரின்ட் எடுக்கப் போயிருந்தாளாம். பின் வரிசையில், நரைமயிர் கட்டையாக வெட்டிய ஒரு அம்மா மடியில் அட்டையும் பேனையுமாக இருந்தா. அவதான் சோதிக்க வந்தவ. அவவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை சும்மா கிடந்தது. மாடிப்படி ஏறிய முழங்கால் கெஞ்சியது. இருந்துவிட்டேன்.

அறுபது வருடத்துக்கு மேல் கழித்து வகுப்புக் கதிரையில் இருக்கிறேன். சன்னலால் வெயில் மெல்லிசாய் வந்து மேசையில் விழுந்தது. பேனை வாசமும் பிள்ளைகளின் ஈரக் கோட்டு வாசமும் கலந்து வந்தன. எந்த நாடு, எந்த வருடம் என்பதெல்லாம் கரைந்து போன மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. கையில் தாளோடு, கண் சிவந்து, வாசுகி உள்ளே வந்தாள்.

நான் எழும்பினேன். யோசித்து எழும்பவில்லை. ரீச்சர் உள்ளே வந்தால் எழும்ப வேண்டும். அந்த மூன்று வருடத்தில் எனக்குள் ஏறிய படிப்பில் இன்றைக்கும் அழியாமல் இருப்பது அதுதான். ஃபைலை மேசையில் வைத்து, கையைக் கட்டி, நிமிர்ந்து நின்று, பாட்டுப் போல இழுத்தேன்: "வணக்...கம் ரீச்...சர்."

முன்னால் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பட்டுச்சேலை உடுத்த ஒரு கிழவி நிற்கிறாள். இது இன்றைக்கு வந்த புதுச் சட்டமாக்கும் என்று ஒரு பிள்ளை எழும்பியது. பிறகு இன்னொன்று. கதிரைகள் கிறீச்சிட்டு, முப்பது பேரும் எழும்பிவிட்டார்கள். சோதிக்க வந்த அம்மாகூட அரைவாசி எழும்பி, எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றா.

வாசுகி என்னைப் பார்த்தாள். ஃபைலைப் பார்த்தாள். அதன் நடுவில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். என்ன நாள் என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக அவிழ்ந்தது.

"இருங்கோ மாமி" என்றாள். பிறகு மற்றவர்களுக்கு இங்கிலீசில் சொன்னாள். எழும்பின எல்லாரும் திரும்பக் கதிரையில் இருந்தோம்.

அதோடு நான் வெளியே போயிருக்க வேண்டும். ரீச்சர் இருக்கச் சொன்னபிறகு எப்படிப் போவது? பாடம் தொடங்கியது. அவள் பலகையில் எழுதினாள், நடந்தாள், கேட்டாள், ஒரு பிள்ளை பிழையாய்ச் சொன்னால் குனிந்து காது கொடுத்தாள். வீட்டில் நான் அறியாத ஒரு குரல் அது. கத்தவே இல்லை. அந்தக் குரல் ஆறு மாதிரிப் போனது, நான் ஓலை மாதிரி அதில் போனேன். விடிய எழும்பினது, விரதம், வெயில். கண் செருகிவிட்டது.

எங்கேயோ தூரத்தில் "செவன் எய்ட்ஸ்?" என்று ஒரு ரீச்சர் கேட்டா. ஒருவரும் பேசவில்லை. என்ன பிள்ளைகள் இதுகள் என்று நினைத்தேன். "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று பெலத்துச் சொன்னேன். சொன்ன சத்தத்தில் நானே முழித்துக்கொண்டேன்.

முப்பது முகமும் என்னை நோக்கித் திரும்பியிருந்தன. எங்களுடைய தமிழ்ப் பிள்ளை ஒன்று, இரட்டைப் பின்னல்காரி, கையை உயர்த்தியது. "மிஸ், ஷி செட் ஃபிஃப்டி சிக்ஸ்."

"ஷி இஸ் ரைட்" என்றாள் வாசுகி, ஒரு கண்கூடச் சிமிட்டாமல். "நௌ, ஹௌ டஸ் ஷி நோ?" என்று கேட்டு அதிலிருந்தே பாடத்தைக் கொண்டு போனாள். பக்கத்தில் பேனை வேகமாக ஓடியது. நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். முடித்துவிட்டேன், பிள்ளையின் இரண்டு வருடத்தையும் நானே முடித்துவிட்டேன்.

பாடம் முடிந்து அந்த அம்மா ஃபைலைத் திறந்தா. செவ்வந்திப் பூ விழுந்தது. சந்தனம் விரலில் ஒட்டியது. வாசுகி இங்கிலீசில் விளக்கினாள். எனக்கு எல்லாம் பிடிபடவில்லை. பிறகு காரில் வைத்துக் குகன்தான் அவளுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டுச் சொன்னான்: "வீட்டில் ஆகப் பெரிய படிப்பு எதுவோ அதை இன்றைக்குச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். என் மாமி இதை வைத்தார்" என்று சொன்னாளாம். ஒளித்து வைத்தார் என்று சொல்லவில்லை. அந்த அம்மா பூவை எடுத்து, அது இருந்த பக்கத்திலேயே திரும்ப வைத்து மூடினா.

ஒரு கிழமை கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டாள். எதிர்பாராதது நடந்தாலும் வகுப்பை நிதானமாக வைத்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்ததாம். அந்த எதிர்பாராதது நான்தான். என்னைப் பற்றி இங்கிலீசில் எழுதப்பட்ட முதல் வரி அது என்று கோயிலில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பத்திரம் வந்த அன்று வாசுகி அதை என் கையில் தந்து, "அலுமாரியில வையுங்கோ மாமி. இதை எடுக்க அவசரமில்லை" என்றாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வசனம் கொடுக்கவில்லை.

இப்போது அவள் சமையலறைக்குள் வரும்போது நான் உப்பு எடுக்க எழும்பினாலும், "இருங்கோ மாமி, நான் பால் எடுக்கத்தான் வந்தனான்" என்பாள். குகன் உடனே கையைக் கட்டி "வணக்...கம் ரீச்...சர்" என்று இழுப்பான். விருந்தாளிகள் வந்தால் முழுக்கதையும் திரும்ப நடக்கும். நான் கோபித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பின்னேரம் நாலரைக்கு வாசல் திறப்பின் சத்தம் கேட்டால், உப்பும் இல்லை, பாலும் இல்லை, நான் சும்மாவே எழும்புகிறேன். முழங்காலால் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவள் கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்று, நான் நிமிரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொல்லுவாள்: "இருங்கோ மாமி."