பெண் பார்க்கப் போன தக்கவைப்புக் கமிட்டி

கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில், முதலில் அரிசி குடோனாகவும் பிறகு கல்யாண மண்டபமாகவும் இருந்து, கடைசியில் மென்பொருள் கம்பெனியாக ஞானம் பெற்ற கட்டடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பல் பிடுங்கப் போகிறவர்களை வரிசையாக உட்காரவைக்கும் மென்பொருள் இங்கேதான் தயாராகிறது. அதில் பிழை கண்டுபிடிப்பது இசைவாணியின் உத்தியோகம். ரிஷிவந்தியத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இந்தக் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வேலை உயிர்.

நாற்பத்தெட்டுப் பேர் இருந்த ஆபீசில் பெண்கள் ஒன்பது. ஆறு மாதத்தில் ஆறு பேர் போனார்கள். மிஞ்சியவர்கள் இசைவாணி, ஷாலினி, கல்வராயன் மலையிலிருந்து வந்த செந்தமிழ்ச்செல்வி. இவள் பெண் என்ற பிரிவில் ஒன்றும் பழங்குடி என்ற பிரிவில் ஒன்றுமாக, பதிவேட்டில் இரண்டு பேராக எண்ணப்பட்டாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஆபீசில் இரண்டு பேர் கம்மி.

இந்நிலையில் சென்னைத் தலைமையகத்திலிருந்து, பெண்களையும் சிறுபான்மையினரையும் எப்பாடுபட்டேனும் தக்கவைக்குமாறு சுற்றறிக்கை வந்தது. மனிதவள மேலாளர் தீனதயாளன் அன்றே தக்கவைப்புக் கமிட்டி அமைத்தார். உறுப்பினர் மூவரும் ஆண்கள். பெண்களைப் போட்டால், அவர்கள் வேலையை விடும்போது கமிட்டியும் கலைந்துவிடுமே என்ற முன்யோசனைதான் காரணம். முதற்கட்ட நடவடிக்கையாகப் பெண்களுக்கு ரோஸ் நிறக் காப்பிக் கோப்பை வழங்கப்பட்டது. இரண்டாம் கட்டமாக இசைவாணியை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"பொண்ணுங்க ஏம்மா நிக்க மாட்டேங்கறாங்க?" என்றார் தீனதயாளன்.

"பஸ்ஸு சார். எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு ஆறரைக்கு. நம்ம ஆபீஸ் வுடறது ஆறே முக்காலுக்கு. அரை மணி முன்னாடி வந்துட்டு, அரை மணி முன்னாடி போய்க்கிறோம்."

"அது முடியாது. ஆபீஸ் தொறந்த அன்னிக்கு ஜோசியர் குறிச்ச நேரம் காலைல ஒம்போதே முக்கால். இன்னி வரைக்கும் ஒரு நிமிஷம் மாத்துனதில்ல. பஸ்ஸத் தவுர வேற காரணம் சொல்லு."

"வேற இல்லீங்க சார்."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. அவசரமே இல்ல."

அவள் யோசித்து முடிக்கையில் மணி ஏழு.

தனக்குத் தெரிந்த வழியில், இசைவாணி இதையும் ஒரு பிழையாகக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தாள். மறுநாள் மென்பொருள் எழுதும் சந்தோஷிடமிருந்து பதில் வந்தது: "சோதித்துப் பார்த்தேன். என் பக்கம் சரியாகவே ஓடுகிறது." சந்தோஷ் பைக் வைத்திருந்தான்.

வீட்டில் நிலைமை முற்றிக்கொண்டிருந்தது. தினமும் தியாகதுருகம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து அப்பா பழனி இரவல் வாங்கிய மொபட். கரும்பு வெட்டிவிட்டு வந்து ரோட்டோரம் காத்துக்கிடந்து அவர் சலித்துப்போனார்.

"தை பொறக்கற வரைக்கும் பாப்பேன். அப்பறம் வேலைய வுட்டுட்டு வூட்டோட இரு. மணலூர்பேட்டைலேர்ந்து ஒரு எடம் வந்துகினு இருக்குது," என்றார்.

கமிட்டி நாற்பது நாள் சிந்தித்தது. வேலையை விட்ட ஆறு பேரையும் ஆராய்ந்ததில், அறுவருக்கும் பிற்பாடு கல்யாணமானது தெரியவந்தது. வேலையை விட்டு வீட்டில் இருந்ததால்தான் கல்யாணம் நடந்தது என்பது அற்ப விவரமாகையால் ஒதுக்கப்பட்டது. கல்யாணமே காரணம் எனத் தீர்மானமாயிற்று. இனி எந்தப் பெண் ஊழியரை யார் பெண் பார்க்க வந்தாலும், முன்தடுப்பு நடவடிக்கையாகக் கமிட்டி நேரில் ஆஜராகும். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால், வாட்ச்மேன் பாவாடையும் நான்காவது உறுப்பினராக நியமனம் பெற்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மணலூர்பேட்டையில் குத்தகைக்குக் கரும்பு போடும் காசிநாதன், தன் மகன் அஜித்தோடு இசைவாணி வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து உட்கார்ந்தார். எதிர்ப் பாயில் நால்வர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் தாம்பூலத் தட்டு.

"நீங்க பொண்ணுக்கு இன்னா மொறைங்க?" என்று கேட்டார் காசிநாதன்.

"மனிதவள மொறைங்க," என்றார் தீனதயாளன். பிறகு ஃபைலைத் திறந்து மாப்பிள்ளையை நேர்காணல் செய்தார்.

"அஞ்சு வருஷம் கழிச்சி நீங்க எங்க இருப்பீங்க?"

"மணலூர்பேட்டைலதாங்க," என்றான் அஜித், பயந்துபோய்.

"பொண்ணு அஞ்சு வருஷத்துக்கு வேலைய வுடாதுன்னு எழுதிக் குடுக்கணும். மறுவூட்டுக்குக் கூட்டிக்கினு போறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி தெரிவிக்கணும்."

"கொழந்த குட்டி?" என்றார் காசிநாதன்.

"அதுக்கு இன்னும் படிவம் வரல. வந்ததும் அனுப்பி வைக்கறோம்."

காசிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எழுந்துருடா. பொண்ணு ஆபீசுக்கு ஏற்கெனவே வாக்கப்பட்டுப் போச்சு."

அவர்கள் தொடாமல் விட்ட பஜ்ஜியைக் கமிட்டி ஏகமனதாக எடுத்துக்கொண்டது. அடுப்படியில் அம்மா சாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இசைவாணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வேலையை விடவைக்க வந்த அந்த மாப்பிள்ளையை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

சேதி சுற்றுவட்டாரமெங்கும் பரவி, அவளுக்கு ஓர் இடமும் வரவில்லை. தை பிறந்தது. "வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப்போற? வேலைக்கே போ," என்று பழனி மொபட்டை உதைத்தார்.

பிடிக்காத மாப்பிள்ளையை விரட்ட இப்படியொரு வசதி இருப்பது நைனார்பாளையம், மணலூர்பேட்டை வரை பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. பி.இ. முடித்துவிட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சாரிசாரியாக விண்ணப்பித்தார்கள். மூன்றே மாதத்தில் பெண்கள் முப்பத்தொன்று. செந்தமிழ்ச்செல்வி மலையிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தாள். பதிவேட்டில் எட்டாக ஏறினார்கள். பாவாடைக்கு ஞாயிறுதோறும் இரண்டு பெண் பார்த்தல். டாக்டர் அவரை எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூடாதென்று எச்சரித்தார். அது அலுவல் கடமை என்று அவர் பதில் சொன்னார்.

ஒரு பெண்கூட வேலையை விடவில்லை. இரட்டை எண்ணிக்கையின் புண்ணியத்தில் தக்கவைப்பு விகிதம் நூற்றுப் பதினாறு சதவீதம் ஆயிற்று. இதை நேரில் கண்டு பாராட்டச் சென்னையிலிருந்து இயக்குநர் நிர்மலா மேடமே வந்தார். ஐந்து மணிக்கு விழா. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, கைத்தறித் துண்டு போர்த்தல் எல்லாம் முடிந்து இசைவாணியிடம் மைக் வந்தபோது மணி ஆறு பத்து.

"மேடம், எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு ஆறரைக்கு. ஆபீஸ் வுடறது ஆறே முக்காலுக்கு. இங்க எல்லாப் பொண்ணுங்களுக்கும் இதே கதிதாங்க. நேரத்துக்கு வூடு போய்ச் சேர முடியல. அதத்தான் சொல்லிக்கினே இருக்கறோம்."

நிர்மலா மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இவ்வளவு முக்கியமான விஷயத்த எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு பெண்ணாகப் பிறந்தவள் காதில் விழுந்ததே என்று நெஞ்சு குளிர்ந்தது.

மேடம் மைக்கை வாங்கினார். "அருமையான ஏற்பாடு. பொண்ணு லேட்டா வீட்டுக்குப் போறா. அதனால சம்பந்தம் வரதில்ல. சம்பந்தம் வராததால வேலைய விடறதில்ல. கமிட்டிகூட அப்பறந்தான், அஸ்திவாரமே இந்தக் கால் மணி நேரம். நம்ம எல்லாக் கிளைகளுக்கும் இன்னைக்கே ஆணை போகும். ஒவ்வொரு ஊர்லயும் கடைசி பஸ் எப்பன்னு விசாரிச்சு, அதுக்குக் கால் மணி கழிச்சுத்தான் ஆபீஸ் விடணும்."

சுவர்க் கடிகாரம் ஆறு இருபது. இப்போது முடிந்தால்கூட ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இசைவாணிதான் முதலில் எழுந்து கைதட்டினாள். முப்பது பெண்களும் அதே நினைப்பில் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, கை சிவக்கத் தட்டினார்கள்.

அந்த உற்சாகத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோன மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் இந்த நிலைக்கு வந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.