பதினொன்றரை கனஅடி மண்

உலகத்தைப் படைக்கும்போது டேப்பு சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடல் இத்தனை பெரிதாக இருந்திருக்காது. "எதுக்குங்க இவ்ளோ தண்ணி? மீனுக்கு எவ்ளோ வேணுமோ அத மட்டும் ஊத்துங்க" என்று சொல்லி, தேவனாம்பட்டினம் கரையில் நின்றபடியே பாதியைக் குறைத்திருப்பார். படைப்பு வேலையும் இன்னும் முடிந்திருக்காது. நாமெல்லாம் பிறப்பதற்கு வரிசையில் நின்றுகொண்டிருப்போம்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்திவைத்திருந்த வருஷங்கள் அவை. ரயிலில் காலை நீட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் பஸ்ஸில் இடுக்கிக்கொண்டு போனோம். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர் டேப்பு சார். மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், இவர் சுருள் டேப்பு வைத்திருப்பார். இன்ஜினியர் இல்லை, கொத்தனார் இல்லை, தையல்காரரும் இல்லை. எதையும் அளப்பதற்கு அவருக்கு ஒரு முகாந்திரமும் கிடையாது. ஆனாலும் அளப்பார்.

மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டை முதல் வாரத்திலேயே அளந்துவிட்டார். "சீட்டு நாப்பத்தஞ்சு அங்குலம். ஆளுக்குப் பதினஞ்சு. நீ பத்தொம்போது எடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கம்மா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. பேசாமல் பதினெட்டில் உட்கார்ந்து வந்தேன்.

மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் அவர் செய்த காரியம் ஊரறிந்தது. பஜ்ஜி வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையை எழுப்பிச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு ஸ்கேலை வைத்து, டேப்பை இழுத்துவிட்டார். "அஞ்சு அடி எட்டுன்னு சொல்லி அனுப்புனீங்க. அஞ்சடி ஆறேகால் அங்குலந்தான் வருது?" மாப்பிள்ளை வீட்டார் முகம் சிவந்து எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் சுவரோடு ஒட்டியபடியே, "செருப்ப வாசல்ல விட்டுட்டேன் மாமா, அதான்" என்றாராம். அந்த ஒரு பதிலுக்காகவே பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

இவரோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்துவந்தவர் சரோஜா அக்கா. அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை, தலையில் பூ. சிதம்பரத்தில் இருந்துகொண்டு பூவுக்குக் கஷ்டப்பட்ட ஒரே பெண்மணி அவராகத்தான் இருக்கவேண்டும். காரணம் டேப்பு சார்தான்.

பூவை முழம்போட்டுத்தானே விற்பார்கள்? முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு முழம். கீழ சன்னதியில் ஒரு பூக்காரம்மா அளந்து கொடுத்த கனகாம்பரத்தை இவர் அங்கேயே டேப்பில் பிடித்துப் பார்த்தார்.

"முழம்னா பதினெட்டு அங்குலம். இது பதினாறேகால்."

"என் கை அவ்ளோதான் சார். பெத்தவங்க அளந்தா பெத்தாங்க?"

"அப்ப கைக்குத் தகுந்த மாதிரி வெலய கொறைக்கணும்ல?"

அந்தம்மா பூவைப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். இவரும் விடவில்லை. பக்கத்துப் பூக்காரி, எதிர்ப் பூக்காரி என்று நான்கு வீதியிலும் கைகளை அளந்து முடித்தார். அதற்குப் பிறகு சரோஜா அக்கா தெருவில் வருவது தெரிந்தாலே பூக்கூடைகளின் மேல் ஈரத்துணி விழுந்துவிடும். "அந்தாளு சம்சாரம் வருது. வித்துப்போச்சுன்னு சொல்லிடு" என்று காதுபடவே பேசுவார்களாம்.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். வாசலில் கேட்டுக்கும் படிக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுற்றிலும் செங்கல் வைத்து ஒரு பாத்தி கட்டச் சொன்னார். கனகாம்பரமும் மல்லியும் வைத்துவிட்டால் எந்தக் கையையும் நம்பவேண்டாம். கொத்தனார் ஒரே நாளில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மண் போடவேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கி வருஷக்கணக்கில் நின்றது. எவ்வளவு மண் என்று டேப்பு சார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாத்தி கோணல் என்பதுதான் முதல் சிக்கல். செப்டிக் டேங்குக்கு ஒதுங்கிக் கட்டியதால் ஒரு பக்கம் ஆறடி, எதிர்ப் பக்கம் ஐந்தரை. அகலம் இரண்டடி. இரண்டு நீளத்தையும் கூட்டிப் பாதியாக்கி அகலத்தால் பெருக்கினால் பதினொன்றரை சதுரஅடி. இதுவரை சரி. எவ்வளவு ஆழம் என்பதில் மாட்டிக்கொண்டார். கனகாம்பர வேர் எவ்வளவு தூரம் இறங்கும் என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களை எல்லாம் கேட்டார். "அரையடி போதும் சார்" என்றார் ஒருவர். "மல்லிக்கு ஒன்றரை அடி இல்லன்னா வேஸ்ட்டு" என்றார் இன்னொருவர். ஆலப்பாக்கம் வரைக்கும் அரையடிக் கட்சி ஜெயிக்கும். புதுச்சத்திரம் தாண்டினால் ஒன்றரை அடிக் கட்சி ஆட்சியைப் பிடிக்கும். இதற்குள் பாத்திக்குள் ஓட்டை வாளி, ஒற்றைச் செருப்பு, ஓடாத மிக்ஸி எல்லாம் குடியேறிவிட்டன. ஒரு நாய் அங்கேயே பிரசவமும் பார்த்துக்கொண்டது.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் வந்தபோது அக்கா துணிமணியை எடுத்துக்கொண்டு தாம்பரம் கிளம்பினார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னதைப் பக்கத்து வீட்டு ரோஸி டீச்சர் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"கொழந்தைக்கு மூணு மாசம் ஆகுற வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள பாத்தி ரொம்பியிருக்கணும். இல்லன்னா நான் அங்கயே தங்கிடுறேன். அங்க பூக்காரி வாசலுக்கே வர்றா. அவ கைய யாரும் அளக்கல."

டேப்பு சார் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பத்துப் பதினைந்து நாள் மெஸ் சாப்பாடு சாப்பிட்டதும் சிரிப்பு நின்றது. ஒருநாள் பஸ்ஸில் டேப்பை இடுப்பைச் சுற்றிப் பிடித்து, "ரெண்டு அங்குலம் போயிடுச்சும்மா" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "அவ நெஜமாவே தங்கிடுவாளோ?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. "ஆழம் ஓரடின்னு வச்சுக்குங்க சார். முடிங்க" என்றேன். ஒரு பெண்பிள்ளை அதட்டினால்தான் அவருக்குக் கணக்கு முடியும் போலிருக்கிறது. பதினொன்றரை கனஅடி என்று அன்றைக்கு முடிவானது.

டிராக்டர்க்காரரிடம் போனார். அவர் லோடு கணக்கில்தான் மண் அடிப்பார்.

"ஒரு லோடுன்னா நூறு கனஅடிங்க."

"எனக்குப் பதினொன்ற போதும். மீதிய இன்னா பண்றது, திங்கிறதா?"

டிராக்டர்க்காரர் கும்பிடு போட்டுவிட்டார். அப்போது கைகொடுத்தவர் பாஸ்கர். டேப்பு சார் அலுவலகத்தில் வேலை செய்பவர், அண்ணாகிராமம் பக்கம் வீடு, வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்பு. "எங்க தோப்புல செம்மண்ணு கெடக்கு சார். டெய்லி பைக்குல ஒரு மூட்ட எடுத்தாறேன்" என்றார். கடலூர் வரைக்கும் மண் வந்துவிடும். அங்கிருந்து சிதம்பரத்துக்கு? டேப்பு சார் எங்கள் முகத்தை எல்லாம் பார்த்தார். ஆளுக்கொரு பை என்று தீர்ப்பானது.

சாயங்கால பஸ்ஸில் அந்த நாட்களில் ஏறியவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஜவுளிக்கடைப் பை, மஞ்சப்பை, டிபன் கேரியர் கூடை என்று எங்கள் கூட்டம் மொத்தமும் மடியில் மண்ணை வைத்துக்கொண்டு, கோயில் பிரசாதம் கொண்டுபோகிற பவ்யத்தோடு உட்கார்ந்திருக்கும். என் கட்டைப்பையின் காது ஒருநாள் அறுந்து நடுவழியில் மண் கொட்டிவிட்டது. டேப்பு சார் பஸ் தரையில் மண்டியிட்டு அள்ளத் தொடங்கினார்.

கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்தபடி நின்றார். "என்னா சார் இது? கவர்மென்டு பஸ்ஸா, கட்டட காண்ட்ராக்டா?"

"கால எடுப்பா. ஒரு பிடி ஒன் ஷூவுக்கு அடியில கெடக்கு."

கண்டக்டர் காலைத் தூக்கினார். பிறகு ஷூவையும் தட்டிக் கொடுத்தார்.

ஒவ்வொரு பையையும் வீட்டில் பெயிண்ட் வாளியில் அளந்துதான் பாத்தியில் கொட்டுவார். ஒருவழியாகப் பதினொன்றரை கனஅடியும் சேர்ந்தது. மண் செங்கல் மட்டத்துக்கு வந்து, முடி வெட்டிய மாதிரி சமமாக நின்றது. எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "கூடவும் இல்ல, கொறையவும் இல்ல, பாத்தீங்களா?" என்று மார்பை நிமிர்த்தினார். அன்று சாயங்காலம் பாத்திக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்.

காலையில் பார்த்தால் மண் இறங்கியிருந்தது. மறுநாளும் ஊற்றினார், இன்னும் இறங்கியது. மூன்று அங்குலம் காணவில்லை.

அமுங்கியிருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. அவர் கணக்கு தப்பாது. அப்படியென்றால் மண்ணை யாரோ திருடிவிட்டார்கள். கையில் டேப்போடு ரோஸி டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் வாசலில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க தொட்டியில எவ்ளோ மண்ணு இருக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? செடி நிக்கிற அளவுக்கு இருக்கு."

"அளந்து பாக்கலாமா?"

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. பைபிளை மூடி வைத்துவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தாராளமா அளங்க. எனக்கும் பொழுதுபோவணும்ல" என்றார். இவரும் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் டேப்பை விட்டுப் பார்த்தார். எல்லாம் கறுப்பு மண். செம்மண் ஒரு சிட்டிகைகூட இல்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் தாம்பரத்துக்குப் போன் போட்டுத் திருட்டுப் போன விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அக்கா அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் கைக்குழந்தை எழுந்து அழுததாம்.

"தண்ணி ஊத்துனா மண்ணு அமுங்காதா? இத்தினி வருஷம் என்னத்தத்தான் அளந்தீங்க? சரி, நாளைக்குக் காலையில வர்றேன். பாத்தி ரொம்பி இருக்கான்னு பாக்குறேன்."

அன்றைக்கு பஸ்ஸில் ஏறியவர் பதினைந்து அங்குலத்தில் பத்தைக்கூட நிரப்பவில்லை. அப்படி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பாஸ்கரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்காக லீவு. "மூணு கனஅடிக்கு எங்கம்மா போவேன்? கொறப் பாத்தியோட நிக்கிறதப் பாத்தா திரும்பிப் போயிடுவா" என்றார். கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் யாருக்கு எது கிடைத்ததோ அதை அள்ளிக்கொண்டு வந்தோம். ஒருவர் கடற்கரை மணல் கொண்டுவந்தார். இன்னொருவர் எங்கோ பள்ளம் தோண்டிப் போட்டிருந்த மண்ணை ஹெல்மெட்டில் அள்ளி வந்தார். நான் எங்கள் அலுவலகத்துத் தொட்டி ஒன்றை அரசாங்கத்துக்குத் தெரியாமல் காலி செய்தேன். புதுச்சத்திரத்தில் கண்டக்டர் தன் வீட்டு ஆளை நிறுத்திவைத்து ஓர் உர மூட்டை நிறையக் களிமண்ணை ஏற்றிக்கொண்டார். "டிக்கெட்டு வேணாம். அன்னைக்கு என் ஷூவுல ஒட்டிக்கிட்டு வந்த மண்ணுக்கு ஈடுன்னு வச்சுக்குங்க" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, லீவு. விடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் வாசலுக்குப் போய்விட்டோம். ரோஸி டீச்சர் இரண்டு தொட்டி மண்ணோடு வந்தார்.

"சார், மணல தனியா வாளியில அளக்கணுமா?"

"கொட்டு."

"களிமண்ணு ஜாஸ்தியா இருக்கே?"

"கொட்டும்மா. அவ பஸ் ஏறிட்டா."

கொட்டினோம். சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக மண் செங்கல்லைத் தாண்டி, படியில் வழிந்து, கேட்டுக்கு வெளியே போயிற்று. டேப்பு சார் சட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. இரண்டு கையாலும் மண்ணை இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆட்டோ வந்து நின்றது.

சரோஜா அக்கா வயர் கூடையோடு இறங்கினார். மலைபோல் கிடந்த மண்ணைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் சேறாக நின்ற கணவரைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார்.

"மண்ணு ரொம்பிடுச்சு, சரி. செடி எங்க?"

அத்தனை வருஷக் கணக்கில், அத்தனை பேர் சுமந்த மண்ணில், ஒரு செடி வாங்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டேப்பு சாரின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா கூடையைத் தரையில் வைத்து, மேலே இருந்த துண்டை எடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றிய கனகாம்பர நாற்று, ஓரத்தில் மல்லிப் பதியன். தாம்பரத்திலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

டேப்பு சார் நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப, மண்ணு ரொம்பலன்னாலும் வந்திருப்பியா?"

"பின்ன? ஒங்கள விட்டுட்டு எங்க போவேன்? நவுருங்க, வெயில் ஏறுறதுக்குள்ள நடணும்."

அவர் நகரவில்லை. சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் மண்ணாயிற்று. ரோஸி டீச்சர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். கண்ணில் தூசி விழுந்ததாக நான் யாரிடமோ சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். அதற்கு முன்னாலும் பிடித்துத்தான் இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.