வறுத்த கோழிக்கு இரண்டு கோட்டு

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கடைக் கோழி கால் வைக்கக் கூடாது!"

சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று நான் இப்படி அறிவித்தேன். அப்போது என் கையில் ஒரு கோழிக்கால் இருந்தது. அது கடைக் கோழியின் கால் என்பதால் அறிவிப்பு கொஞ்சம் பலவீனமாகத்தான் ஒலித்திருக்க வேண்டும். மகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

என் ஆவேசத்துக்குக் காரணம் என் மனைவியின் கண்கள். ஒரு கடி கடித்ததும் சொக்கிப்போய்க் கண்களை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்காகக் கண்ணை மூடியது நான் பாடும்போது மட்டும்தான். அப்போது காதையும் சேர்த்து மூடிக்கொள்வாள்.

"மசாலான்னா இதுதாங்க மசாலா" என்றாள். "அந்த மீசைக்காரர் கையில என்னவோ இருக்கு."

மீசைக்காரர் என்பது எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் வறுத்த கோழிக்கடை வைத்திருப்பவர். மீசையைப் போலவே அவருடைய மசாலாவும் பேர் போனது. ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் பொடி கலப்பார். அந்த நேரத்தில் கடை ஆட்கள் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும். அதில் என்ன சேர்க்கிறார் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

"இதுல என்னம்மா பெரிய ரகசியம்? பொடிதானே! நாலு பொடியைக் கலக்க எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கா?"

அந்த ஒரே வார்த்தைக்குள் எங்கள் இல்லற வாழ்க்கை முழுவதும் அடங்கியிருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் கடையில் கலர் கலப்பவன். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். இவ்வளவு மஞ்சள், இத்தனை சொட்டுக் கறுப்பு, ஓரமாய் ஒரு துளிச் சிவப்பு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். காய்ந்த பிறகு பழைய சுவர் எது, புதுப் பூச்சு எது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு கோழித்தோல் எம்மாத்திரம்?

"கலர் வேற, காரம் வேறங்க" என்றாள்.

"எல்லாம் கலவைதான். பந்தயமா?"

"ஜெயிச்சா உங்களுக்கு என்ன வேணும்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் தூங்கணும். ஒட்டடை அடிங்க, ஃபேனைத் தொடைங்கன்னு யாரும் எழுப்பக் கூடாது. வீடு தீப்பிடிச்சா எழுப்பலாம். அதுவும் தீ ஹால் வரைக்கும் வந்தப்புறம்."

"தோத்தா?"

அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"தோத்தா ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது. ஆயுசுக்கும். மாசக் கடைசியில எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றாரு. கடைக் கோழிக்காகவே வர்ற மனுஷன். அவர் சாப்பிட்டுச் சொல்லட்டும்."

ஒப்புக்கொண்டேன். ஆயுசு முழுக்கச் சமையல் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் வீரன் பின்வாங்குவதில்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். கடைக் கோழியின் தோலை பிளேடால் சுரண்டி எடுத்து ஒரு வெள்ளை அட்டையில் பரப்பினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை பார்த்தேன். எங்கள் தொழிலில் இரண்டு வெளிச்சத்திலும் ஒத்துப்போனால்தான் கலர். மிளகாய்ப்பொடியைக் கொட்டினேன். சிவப்பு தூக்கியது. பட்டைப்பொடியைப் போட்டு இறக்கினேன். மங்கிப்போனது. மஞ்சளைப் போட்டுத் தூக்கினேன். இப்படித் தூக்கி இறக்கிக் கடைசியில் பார்த்தால், அட்டையில் இரண்டு பொடிக்கும் வித்தியாசமே இல்லை! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி ஆனந்தம், பாதி மிளகாய்.

பூசுவதிலும் தொழில் முறையை விடவில்லை. முதலில் மாவில் ஒரு பிரைமர். காயவிட்டேன். மேலே மசாலா ஒரு கோட்டு. அதையும் காயவிட்டேன். மறுபடி ஒரு கோட்டு. எண்ணெயில் இறக்கியதும் பழைய வீட்டுச் சுவர்போல மொத்தப் பூச்சும் பட்டை பட்டையாகப் பெயர்ந்து மிதந்தது. முதல் கோட்டில் சறுக்கினேன். இரண்டாவது கோட்டில் கோட்டையே விட்டேன்.

மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு யோசித்தாள்.

"அப்பா, கலர் சூப்பர்."

"ருசி?"

"கலர் ரொம்ப சூப்பர்ப்பா."

மனைவி நிதானமாக மென்றாள். "பரவாயில்லைங்க. வெளிச்சுவருக்கு அடிச்சா மழைக்குத் தாங்கும்."

அடுத்த ஞாயிறு கண்ணை விட்டுவிட்டு மூக்கை நம்பினேன். மூக்கு தும்மியது. அதற்கடுத்த ஞாயிறு பூண்டை நம்பினேன். பூண்டு என்னைக் கைவிடவில்லை. பெயிண்ட் கடை வரை கூடவே வந்தது. மறுநாள் வாடிக்கையாளர்கள் எல்லாம் ஒரு கை தூரம் தள்ளி நின்றே கலர் கேட்டார்கள்.

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. மச்சானும் வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, நீங்க சமைக்கிறீங்களாமே! எதுக்கும் இருக்கட்டும்னு வீட்லயே கொஞ்சம் சாப்பிட்டுட்டு வந்தேன்."

"சிரிங்க மச்சான், சிரிங்க. சாப்பிட்டப்புறம் பேசுவோம்."

சமையலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். ரகசிய மசாலா, யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. வறுத்தேன். ஒரு துண்டைத் தின்று பார்த்தேன். பின்வாசலில் படுத்திருந்த நாய்க்கு ஒன்று போட்டேன். அது முகர்ந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, எழுந்து வேறு வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

கூடத்தில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. என் கண்ணெதிரே வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு கரண்டி.

வேறு வழியில்லை. பெயிண்ட் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புத்தம்புது காலி டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சந்துக்கு ஓடினேன்.

"மீசைக்காரரே, சீக்கிரம்! இதுல நிரப்புங்க."

"பெயிண்ட் டப்பாவிலயா?"

"புது டப்பாதான். கேள்வி கேட்காம நிரப்புங்க சார், உயிர் போற விஷயம்!"

திரும்பி வந்து, சத்தத்துக்காக நாலு உருளைக்கிழங்குத் துண்டுகளை எண்ணெயில் போட்டேன். மூக்கில் கொஞ்சம் மாவைத் தடவிக்கொண்டேன். தட்டோடு கதவைத் திறந்தேன்.

மச்சான் கடித்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு கடி. பிறகு பேச்சும் நின்றது. எலும்பை வைத்துவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிருங்க!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

"அப்படியே அதே ருசிங்க" என்றாள். "நான் தோத்துட்டேன்."

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வெட்கப்பட்டேன், ஆனால் சந்தோஷம் வெட்கத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளே போய், சாயம் வெளுத்துவிடாமல் இருக்க எல்லாப் பாத்திரத்தையும் நானே தேய்த்துக் கழுவினேன்.

"விடுங்க, நான் கழுவுறேன்" என்றாள் அவள், நாற்காலியை விட்டு அசையாமல்.

"வேண்டாம், வேண்டாம். ரகசிய மசாலா ஒட்டியிருக்கும்."

அன்று மத்தியானம் தூங்கினேன் பாருங்கள், அதுதான் தூக்கம்! யாரும் எழுப்பவில்லை. சாயங்காலம் காபியோடு வந்து மெதுவாகக் காலைத் தொட்டாள்.

"என்னங்க, அண்ணி அடுத்த வாரமும் வர்றாங்களாம். உங்க கோழி வேணும்னு ஒரே பிடிவாதம்."

"அடுத்த வாரமுமா?"

"முடியலைன்னா சொல்லிடுங்க. ஒருவேளை அந்த ருசி மறுபடி வராதோ என்னவோன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

"வராதா? யாரைப் பார்த்து என்ன சொன்னே?"

இப்படித்தான் மாட்டினேன். அண்ணிக்குப் பிறகு என் மனைவியின் தங்கை. தங்கைக்குப் பிறகு சித்தப்பா குடும்பம். ஞாயிறு காலையானால் நான் சமையலறையில் சிறை. உரலில் வெறும் உப்பைப் போட்டு இடிப்பேன். உருளைக்கிழங்கைப் பொரிப்பேன். பின்வாசல் வழியாக ஓடுவேன், வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவேன். சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்களோடு மல்லுக்கட்டு. பந்தயத்தில் ஜெயித்த தூக்கம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

அவளோ கூடத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உறவுக்காரர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். "ஞாயித்துக்கிழமைன்னா என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டாருங்க" என்பாள். கேட்கும்போது எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிடும். இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட 'கோழியை எப்ப வாங்கினீங்க, எங்க வெட்டினீங்க' என்று அவள் கேட்டதில்லை. என் நல்ல காலம், பாவம் வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு விஷயம் முற்றிவிட்டது. பெயிண்ட் கடை முதலாளியே குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார். என் மானம், என் வேலை எல்லாம் இப்போது ஒரு கோழிக்காலில் தொங்கியது. இருப்பதிலேயே பெரிய டப்பாவை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன்.

கடையில் நல்ல கூட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் மீசைக்காரர் டப்பாவை வாங்கி, தனியாக மூடி வைத்திருந்த தட்டிலிருந்து மளமளவென்று நிரப்பினார்.

"எவ்வளவு வேணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"நீங்க எதுக்கு சார் சொல்லணும்? வாரா வாரம் உங்க வீட்டம்மா போன் பண்ணிச் சொல்லிடுவாங்களே."

கூட்டத்துக்குக் கேட்காதபடி அவர் பக்கம் குனிந்தேன்.

"என்... என்ன சொன்னாங்க?"

"உங்க முதலாளி வர்றாராமே, கூடுதலா வைக்கச் சொன்னாங்க" என்று மீசைக்காரர் மீசை அசையாமல் டப்பாவை மூடிக் கையில் கொடுத்தார். "அப்புறம் சார், காரம் கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னாங்க. போன வாரம் நீங்க சமைச்சதுல தூக்கலா இருந்துச்சாம்."