நோரால்பா அத்தையின் காற்றில் ஓர் அறை

மன்ரிக்கே, மெடலின்
வெள்ளிக்கிழமை இரவு

மதிப்புக்கும் அச்சத்துக்கும் உரிய என் அத்தையும் ஞானத்தாயுமான நோரால்பா அவர்களுக்கு, உங்கள் கைகளில் ஞானஸ்நானம் பெற்று, அன்று உங்கள் புதுச் சட்டையை நனைத்த அனாயிபே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தம்பிகள் இருவர், கட்டடக்கலை படிக்கும் பத்தொன்பது மாணவர்கள் எல்லோரும் நலம். அங்கே வலென்சியாவில் நீங்களும், உங்கள் முழங்காலும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் நலமாக இருக்கக் கார்மேல் மாதாவை வேண்டுகிறேன்.

மரியாதை முடிந்தது அத்தை, விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலை என் அறைச் சுவரை இடிக்கப் போகிறார்கள். தொலைபேசி கூடத்தில் இருப்பதால் அதில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். அதனால் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூடிய கழிப்பறைக் கோப்பை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை இது ஒன்றுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்வதுதான் சரி என்பதில் துளியும் சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது இந்த வாரம் தெரிந்துகொண்டது.

அம்மாவின் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம். எந்த வருஷம்தான் இல்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் மாணவர்கள் பெஞ்சுகளை அடுக்கி வாசலை அடைத்துவிட்டார்கள். முதல் வருஷத்துக்கு வடிவமைப்பு கற்றுக்கொடுக்கும் அம்மா அங்கே போய் நின்று, அந்தத் தடுப்பைத் தலை சாய்த்துப் பார்த்து, "அந்த ரெண்டு பெஞ்சக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கடா. வாசலும் அடைச்ச மாதிரி இருக்கும், உள்ள வெளிச்சமும் வரும்" என்றாராம். அவர்களும் தள்ளிப் போட்டார்களாம். பிறகு தன் வகுப்பில் உள்ள அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். கூடத்தில் நின்ற அப்பா, "இது என்ன ஊர்வலம்?" என்றார். "இடத்தப் பத்திச் சொல்லிக்கொடுக்கறதுக்குக் கட்டடமா வேணும்? இடம் எங்க இல்ல?" என்று அம்மா கேட்டார். அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்க இல்ல" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அவர் உட்காரக்கூட அப்போது இடம் இல்லை.

முதல் பாடத்தில் அம்மா எல்லோருடைய அளவு டேப்பையும் வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டார். "முதல் வருஷம் பூரா உங்க உடம்புதான் டேப்பு. எறும்பும் தன் கையால எண் சாண்னு சொல்லுவாங்க இல்ல, அதுதான் பாடம். போய் இந்த வீட்ட உங்க உங்க முழத்தால அளந்துட்டு வாங்க" என்றார். எஸ்தெல்லா என்று ஒரு பெண், என்னைவிடக் குட்டை, ஆனால் பேச்சில் எல்லோரையும்விட உயரம். வில்மார் என்று ஒரு பையன், எங்கள் நிலைவாசலில் ஒவ்வொரு முறையும் நெற்றியை இடித்துக்கொண்டு "மன்னிச்சுக்கங்க" என்று நிலையிடமே சொல்கிறவன். இரண்டு பேரும் எங்கள் வீட்டு நடைவழியை அளந்தார்கள். எஸ்தெல்லாவின் கணக்கில் எங்கள் நடை மாதா கோயில் அளவு நீளம். வில்மாரின் கணக்கில் அது ஒரு அலமாரி. அம்மா இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டார். பஸ் ஓட்டப் போகும் முன் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டும் எப்படிம்மா சரியாகும்?"

"நீங்க பஸ்ஸ ஓட்டுங்க, அர்செசியோ" என்றார் அம்மா.

அடுத்த பாடம் வெளிச்சம். ஆளுக்கொரு செருப்புப் பெட்டியில் ஒரு ஓட்டை போட்டு, இன்னொரு சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்த பெட்டியெல்லாம் போய்விட்டது. அப்பா புனித வாரத்தில் மட்டும் போடும் கறுப்புச் சப்பாத்துகூட இப்போது அம்மணமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நானும் யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டி செய்தேன். அத்தை, ஓட்டையைப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டால் வெளிச்சம் அந்தச் சுவர் முழுக்க வழிந்து இறங்குகிறது. அதே ஓட்டையை நடுவில் போட்டால், தரையில் ஒரு சதுரம் விழுகிறது, அவ்வளவுதான். இதை நானே கண்டுபிடித்தேன். மறுநாள் எஸ்தெல்லாவும் கண்டுபிடித்து, ஐந்துக்கு நாலரை வாங்கினாள். எனக்கு யாரும் போடவில்லை.

அதற்கடுத்து கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் நடப்பது. கண் இல்லாமலே ஒரு அறை முடிந்து இன்னொரு அறை தொடங்குவதைக் காலும் காதும் மூக்கும் சொல்ல வேண்டுமாம். வில்மார் நேராக நடந்து, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ரொசால்பினா அம்மாள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மாளும் யார் எவர் என்று கேட்காமல் சூடாகச் சாக்லேட் கலந்து கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தவனிடம், "என்னடா உணர்ந்த?" என்று அம்மா கேட்டார். "சமையல்கட்டுக்குப் போனேன் டீச்சர், மத்த எல்லா இடத்தவிட அங்கதான் அன்பு ஜாஸ்தியா இருந்துச்சு" என்றான். அம்மா அதற்கும் மதிப்பெண் போட்டார். எங்கள் வீட்டில் மதிப்பெண் கிடைக்காத ஒரே ஜீவன் நான்தான்.

இதெல்லாம் பரவாயில்லை அத்தை. வியாழக்கிழமை, "இந்த வீட்டுக்கு என்ன நோய், சொல்லுங்க" என்று அம்மா கேட்டார். அங்கேதான் என் தலையில் இடி விழுந்தது. எஸ்தெல்லா எழுந்து நின்றாள். "தெருப்பக்கம் கூடம். பின்பக்கம் முற்றம். முற்றத்துல அவ்வளவு வெளிச்சம், கூடத்துல பகல்லயே விளக்கு. நடுவுல ஒரு அறை வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது டீச்சர். அத எடுத்துட்டா வீடு மூச்சு விடும்." அந்த ஒரு அறை என் அறை. எல்லோரும் கை தூக்கினார்கள். என் தம்பிகளும் தூக்கினார்கள், அவர்கள் மாணவர்களே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த நேரத்தில் எனக்காக யோசிக்கிறார் என்று நினைத்தேன். "சுவர் கட்டறது யாருக்கும் வரும். எங்க இருக்கக் கூடாதுன்னு தெரியறதுதான் படிப்பு. சனிக்கிழமை சுத்தியல் கொண்டாங்க" என்றார்.

"அப்ப நான் எங்கம்மா படுக்கறது?" என்று கேட்டேன்.

"கூடத்துலதான். இதுக்கு முன்னாடி அங்கதான படுத்த? இப்ப நல்ல வெளிச்சமும் இருக்கும்."

"தூங்கறதுக்கு எதுக்கு வெளிச்சம்?"

வில்மார் சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. அப்பா மட்டும், "அது என் கையால கட்டின சுவரு, ஃபாபியோலா" என்றார். "அதான் தெரியுதே" என்றார் அம்மா. அதோடு வழக்கு முடிந்தது.

அது பெரிய அறை ஒன்றுமில்லை அத்தை. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஆனால் அந்தப் பாதிக் கதவைச் சாத்தினால் தம்பிகள் வெளியே, நான் உள்ளே. அது போன வருஷம்தான் எனக்குக் கிடைத்தது. பிறந்ததிலிருந்து கூடத்தில் தூங்கியவளுக்குத்தான் ஒரு கதவு என்றால் என்னவென்று தெரியும். செருப்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

அதனால்தான் இந்த விண்ணப்பம். எங்கள் மொட்டைமாடிக்கு மேலே உள்ள காற்று உங்களுடையது என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அங்கே மாடி கட்டிக்கொள்ளும் உரிமையை அப்பாவிடம் முறையாக வாங்கி, நோட்டரியிடம் கையெழுத்தும் போட்டு, நாலு மூலையிலும் ஓரங்களிலும் தூண் கம்பிகளை நீட்ட வைத்துவிட்டுத்தான் ஸ்பெயினுக்குப் போனீர்கள். அந்தக் கம்பிகளில் துரு ஏறாமல் கவிழ்த்த பாட்டில்களை நான்தான் மாற்றுகிறேன், தம்பிகள் அல்ல. அப்பா அங்கே கோழிக்கூடு வைத்த கதையும் நினைவிருக்கிறது. எந்தப் புண்ணியவான் சொன்னானோ, மறுநாளே வலென்சியாவிலிருந்து தொலைபேசி வந்தது. "அது என் காத்து, அர்செசியோ. என் காத்துல உன் கோழிக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்டது கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற எனக்கும் கேட்டது, கோழிகளுக்கும் கேட்டிருக்கும். அன்று மாலையே அவை சூப்பில் இருந்தன.

ஆனாலும் கேட்கிறேன். உங்கள் காற்றில் எனக்குக் கொஞ்சம் கொடுங்கள். கிழக்கு மூலையில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே, என் முழத்தால் அளந்த ஒரு அறை. நான் கதவோரம் நின்று எல்லாப் பாடமும் கேட்டவள். வாசலை நடுவில் வைக்க மாட்டேன், ஓரத்தில்தான் வைப்பேன். அப்போதுதான் மிச்ச இடம் முழுசாக இருக்கும். ஜன்னலைச் சுவரோடு ஒட்டி வைப்பேன். காலையில் வெளிச்சம் சுவரில் வழிந்து என் கட்டில் வரை வரும், முகத்துக்கு வராது. படுத்தபடியே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கதவுக்கு முன்னால் ஒரு சின்னப் படி. உள்ளே வருகிறவர் ஒரு நொடி நின்று, இது இன்னொருத்தர் இடம் என்று யோசிக்க வேண்டும். தம்பிகள் யோசிக்க மாட்டார்கள், தடுக்கி விழுவார்கள், அதுவும் பாடம்தான். நீங்கள் திரும்பி வந்து மாடி கட்டும் நாளில் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். இதுவரை சாக்பீஸால் ஒரு கோடு மட்டும் போட்டுப் பார்த்தேன், அதையும் மழை அழித்துவிட்டது. உங்கள் காற்றில் ஒரு ஆணி, ஒரு செங்கல், ஒரு கோழி இறகுகூட இல்லை. அதற்கு நான் பொறுப்பு.

(இப்போது அப்பா கதவைத் தட்டினார். "அனாயிபே, உள்ள என்னடி மாளிகையா கட்டுற?" "வயித்து வலிப்பா." "காலைலயாவது எனக்கு இந்த ரூம விட்டுவைங்க, போதும்." போய்விட்டார்.)

அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நான் அம்மாவை எதிர்க்கவில்லை. அவர் கற்றுக்கொடுப்பது எல்லாம் உண்மை, அதை என் அறையில் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நாளை அவர்கள் சுத்தியலோடு வரும்போது அழ மாட்டேன். அழுதால், "சத்தம் எப்படி எதிரொலிக்குது, கவனிங்க" என்று வகுப்புக்குக் காட்டுவார்.

உங்கள் முழங்கால் குணமாகவும், அங்கே குளிர் குறையவும், பெரியவரின் பிள்ளைகள் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுக்கவும் தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். பெரியவர்களின் ஆசி கேட்டு, மண்டியிட இங்கே இடம் இல்லாததால் உட்கார்ந்தபடியே வணங்கும்,

உங்கள் கீழ்ப்படிந்த ஞானமகள்,
அனாயிபே

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை. மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம் அத்தை.

என் சுவர் நிற்கிறது. முற்றத்துப் பக்கம் சமையலறை முனை தொடங்கிக் குளியலறை முனை வரை ஒரே பூச்சு, எங்கே எது இருக்கிறது என்று கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அப்பா பெருமைப்படுவாரே, அந்தச் சுவரில் சமையலறை முனையிலிருந்து எத்தனை முழம் தள்ளி இடிக்க வேண்டும் என்று எஸ்தெல்லா அளந்து படத்தில் எழுதியிருந்தாள். சுத்தியல் பிடிக்கப் பலம் வேண்டும் என்று வில்மாரைக் கூப்பிட்டார்கள். அவன் அதே எண்ணைத் தன் நீண்ட முழத்தால் அளந்து, என் அறையைத் தாண்டிப் போய், சிலுவை போட்டுக்கொண்டு, ஓங்கி அடித்தான். இரண்டாவது அடியில் சுவர் உள்ளே விழுந்தது. உள்ளே அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலை வணக்கம், அர்செசியோ ஐயா" என்றான் வில்மார்.

"வாப்பா" என்றார் அப்பா.

அம்மா ஓட்டை வழியாகப் பார்த்தார். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது, வெயில் அதில் பட்டு அப்பாவின் தலைக்கு மேல் வானவில் தெரிந்தது. "யாரும் அசையாதீங்க. வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாருங்க. வரையுங்க" என்றார் அம்மா. பத்தொன்பது பேரும் உட்கார்ந்து வரைந்தார்கள். "மொதல்ல ஒரு துண்டு குடுங்கம்மா, அப்புறம் வரையுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லா அளவையும் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பது இன்றைய பாடம் என்றும், இந்தப் பருவத்துக்கு இந்த வீட்டில் போதுமான வெளிச்சம் வந்துவிட்டது என்றும், இன்னொரு சுவரை எடுத்தால் வீடு தாங்காது என்றும் அம்மா அறிவித்தார். பிறகு டேப்புகளை அரிசிப் பானையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார். இதை என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். ஆகவே எனக்கு உங்கள் காற்று வேண்டாம்.

ஆனால் வீட்டில் இப்போது குளியலறை இல்லை. அவசரத்துக்கு எல்லோரும் எதிர்வீட்டுக்கு ஓடினால், ரொசால்பினா அம்மாளும் எத்தனை பேருக்குத்தான் சாக்லேட் கலக்குவார்? அதனால் மதியமே அப்பாவும் வில்மாரும் கழிப்பறைக் கோப்பையைப் பெயர்த்து, மேலே தூக்கிக்கொண்டு போய்க் குழாய் இழுத்துப் பொருத்திவிட்டார்கள். கிழக்கு மூலையில், உங்கள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே, நான் எனக்கென்று பார்த்துவைத்த அதே இடம். சுவருக்குப் பதில் கம்பிகளில் போர்வை கட்டியிருக்கிறது. நான் சொன்னதால் வாசலை ஓரத்தில் வைத்தார்கள். உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது என்று அப்பா சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு அம்மா எனக்கு முதல்முறையாக மதிப்பெண் போட்டார், ஐந்துக்கு நாலே முக்கால்.

நீங்கள் கோபத்தில் உடனே தொலைபேசியில் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். அப்பா எடுக்க மாட்டார் அத்தை. அவர் உங்கள் காற்றில் உட்கார்ந்திருப்பார்.