சோலைமுத்து வம்சமும் மூன்றாம் முடிச்சும்

"எங்கய்யாவுக்கு ஒரே சம்சாரம்னு ஒங்ககிட்ட யாரு சார் சொன்னது?"

கைப்பேசியில் வந்த இந்த ஒரு கேள்வியில் சிவக்குமாரின் இரண்டு வருட உழைப்பு ஆட்டம் கண்டது. கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் ஆறடிச் சார்ட்டை விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்திருந்தவர் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மறைந்த நாதஸ்வர மேதை கீழக்குயில்குடி சோலைமுத்துவின் வம்ச வரலாறு அந்தச் சார்ட்டில் இருந்தது. ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான சிவக்குமார், பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று ஊர் ஊராகத் தேடி எழுதியது. மேதையின் மகன் அருள்பாண்டிக்கு வியாழக்கிழமை பொன்னாடை போர்த்துவதாக அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது. இப்போது பேசிய செல்வக்குமார் இளைய தாரத்து மகனாம்.

"தப்புத்தான் தம்பி. ஒங்களுக்கும் ஒரு பொன்னாடை போட்ருவோம்."

"சந்தோசம் சார். முதல் மரியாதை யாருக்கு?"

மதுரைச் சீமையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பித்தவர் இதுவரை எவருமில்லை. "நேர்ல பேசுவோம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீக" என்றாள் மனைவி தமிழ்வாணி.

"சோலைமுத்து குடும்பத்துக்கு நன்றி சொல்லாமப் போனா என் கட்டை வேகாதுடி."

மைக் செட் பேச வந்து வாசலில் நின்றிருந்த கோரிப்பாளையம் சேக் இஸ்மாயில் பாய், "அப்படி என்ன சார் செஞ்சாரு?" என்று கேட்டார். நாற்பத்தைந்து வருடமாக ஒலிபெருக்கி கட்டுபவர். ஊர்க்கதை கேட்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

சிவக்குமார் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முன், சோழவந்தான் பக்கம் மாமனார் வீட்டுப் பந்தலில் கல்யாணம். தாலியைக் கையில் கொடுத்ததும் விரல் பத்தும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. முடிச்சு விழவில்லை. பெண்ணின் தாய்மாமன் எழுந்து, "மாப்ளைக்கு நடுக்க வியாதியா?" என்று கத்தினார். அது மட்டும் சபையோர் காதில் விழுந்திருந்தால் கல்யாணம் அங்கேயே நின்றிருக்கும்.

"ஆனா யாரு காதுலயும் விழல பாய்! சோலைமுத்து கெட்டிமேளத்த நிறுத்தவே இல்ல. ஒரே இடத்தத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாரு. பதினெட்டுத் தடவை! நான் எண்ணுனேன். என்ன வித்வத்து, என்ன மனசு! ஹோமப் புகையில அவரு முகத்தைக்கூடப் பாக்க முடியல."

இஸ்மாயில் பாய் அவரையே உற்றுப் பார்த்தார். "ஒரே இடத்தையா? சார், அந்தப் பந்தல்..."

கைப்பேசி மறுபடியும் அலறியது. இம்முறை மூத்த தாரத்து மகன் அருள்பாண்டி.

"அவனுக்கும் பொன்னாடையாமே? அப்ப எனக்கு ரெண்டாவதா?"

சிவக்குமாருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. "ரெண்டு பேருக்கும் மூத்தவுக அன்னக்கொடி அக்கா. முதல் மரியாதை அவுகளுக்கு!"

அரைமணி நேரத்தில், நாற்பது வருடமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு முதல் மரியாதையா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். குடும்பம் ஒன்று சேர்ந்ததை நினைத்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று சிவக்குமாருக்குத் தெரியவில்லை.

"மூணு பேருக்கும் ஒரே நொடியில போத்திருவோம்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "நான், என் சம்சாரம், பாய். மூணு பேரு போத்துறோம்."

"சரி. நடுவுல யாரு நிக்கிறது?" என்றார் செல்வக்குமார்.

வியாழக்கிழமை மாலை. குடியிருப்போர் சங்க ஹாலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாதிப் பேர் அருள்பாண்டி பக்கத்து ஆட்கள், மீதிப் பேர் செல்வக்குமார் பக்கம். மேடையில் நடு இடத்துக்கு அண்ணனும் தம்பியும் தோளால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி அக்கா நாற்காலியைத் தூக்கி நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இனி விட்டால் ரசாபாசமாகிவிடும் என்று சிவக்குமார் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தார். பின்னால் வம்ச சார்ட் தொங்கியது. அவருக்குக் கண் கலங்கியது.

"இன்னைக்கு நான் பேரன் பேத்தியோட நிக்கிறேன்னா அது ஒங்கய்யா போட்ட பிச்சை. நாப்பது வருசத்துக்கு முன்னால, இதே செப்டம்பர் நாலு, புதன்கிழமை..."

"எந்தப் புதன்கிழமை?" என்று அன்னக்கொடி நிமிர்ந்தார். "ஆவணி பத்தொன்பதா?"

சிவக்குமார் மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஆமாக்கா."

"அன்னைக்கு எனக்கும்ல கல்யாணம்! எங்கய்யா விடியக்காலையிலருந்து என் பந்தல்ல வாசிச்சாரு. பெத்த மக கல்யாணத்த விட்டுட்டு ஒம்ம பந்தலுக்கு எதுக்குய்யா வரப்போறாரு?"

சிவக்குமார் திரும்பிச் சார்ட்டைப் பார்த்தார். அன்னக்கொடி பெயருக்குக் கீழே, அவரே தம் கைப்பட எழுதியது: திருமணம், ஆவணி 19. அதே வருடம். தம் கல்யாண நாளை வருடா வருடம் இங்கிலீஷ் தேதியில் கேக் வெட்டிக் கொண்டாடியவருக்கு, அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் பார்த்து எழுதிய தமிழ்த் தேதி உறைக்கவே இல்லை.

"அப்ப எங்கப்பா, சோலைமுத்து வாசிப்புன்னு ஊரு பூராச் சொன்னாரே?" என்றாள் தமிழ்வாணி.

சிவக்குமார் பொன்னாடையை மறுபடி மடித்தார். நாற்பது வருட நன்றியை இனி யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணனும் தம்பியும்கூட இடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மேடை ஓரத்தில், ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நின்றிருந்த இஸ்மாயில் பாய் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"வாசிச்சது சோலைமுத்து அய்யாதான் சார், நான் போட்ட ரெக்கார்டுல. கெட்டிமேளத்துல கீறல் விழுந்து ஊசி மாட்டிக்கிச்சு. தட்டிவிடலாம்னு போனேன், ஒங்க கை நடுங்குறதப் பாத்தேன், மூணாவது முடிச்சு விழுகட்டும்னு அப்படியே விட்டுட்டேன்."